127 தூண்களும் தரைக்கடியில் கரியும்: எபேசுக் கோயில் மைன்கிராஃப்ட் மேப்

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் பழைய வீடுகளை அளந்து வரைபடம் போடுவதுதான் முப்பது ஆண்டுகளாக என் தொழில். அதனால் கானாடுகாத்தானில் எங்கள் வீட்டு வளவில் உட்கார்ந்து பேரன் இந்த மைன்கிராஃப்ட் மேப்பை, அதாவது கட்டைகளை அடுக்கிக் கட்டும் கணினி விளையாட்டில் ஒருவர் உருவாக்கி வைத்த இடத்தை, திறந்து காட்டியபோது, விளையாட்டு ஒன்றைப் பார்க்கிறோம் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. யாரோ கட்டி முடித்த கட்டடத்தைச் சரிபார்க்க அழைக்கப்பட்டவனைப் போலத்தான் உட்கார்ந்தேன். பண்டைய உலகின் ஏழு அதிசயங்களில் ஒன்றாகிய எபேசு என்ற பழைய கிரேக்க நகரத்து ஆர்ட்டெமிஸ் தேவியின் கோயில் அது. இதில் எதிரிகளோ புதையலோ போட்டியோ கிடையாது. சுற்றிப் பார்ப்பதற்கென்றே செய்யப்பட்ட இந்த அலங்கார மேப்பைத் தனியொருவர் கட்டி இலவசமாகக் கொடுத்திருக்கிறார். இரண்டு வாரம் மாலைதோறும் அதற்குள் நடந்துவிட்டு இதை எழுதுகிறேன்.

இந்தக் கோயிலைத் திரும்பக் கட்ட நினைப்பவருக்கு, போய்ப் பார்த்து அளந்துகொள்ளக் கட்டடம் இல்லை. கி.மு. 356இல் ஹெரோஸ்ட்ராட்டஸ் என்பவன் தன் பெயர் நிலைக்க வேண்டும் என்பதற்காக அதற்குத் தீ வைத்தான் என்பார்கள். அதே இடத்தில் மீண்டும் எழுப்பப்பட்ட கோயிலும் பின்னர் அழிந்து மண்ணுக்குள் மறைந்தது. ஜான் டர்ட்டில் வுட் என்ற ஆங்கிலேயர் பல ஆண்டுகள் தேடி 1869இல்தான் இடத்தையே கண்டுபிடித்தார். இன்று துருக்கியின் செல்சுக் ஊருக்கருகில், கிடைத்த துண்டுகளை அடுக்கி நிறுத்திய ஒற்றைத் தூண் மட்டும் நிற்கிறது. ஆகவே அகழ்வில் கிடைத்த துண்டுகளையும், கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதி வைத்த அளவுகளையும் கொண்டுதான் வேலை செய்தாக வேண்டும். பிளினி தரும் கணக்கு இது: நீளம் 425 அடி, அகலம் 225 அடி, தூண்கள் 127, ஒவ்வொன்றின் உயரம் 60 அடி, அவற்றுள் சிற்ப வேலை செய்யப்பட்டவை 36.

மேப்பில் தூண்களை எண்ணினேன். 127 சரியாக இருந்தது. இரு பக்கமும் சமமாக நிற்க வேண்டிய கோயிலில் இந்த ஒற்றைப்படை எண் எப்படி வந்தது என்ற சிக்கலை, மேப்பைக் கட்டியவர் பின்வரிசையில் ஒரு தூணைக் கூடுதலாக நிறுத்தித் தீர்த்திருக்கிறார். உயரம் அடியிலிருந்து தலைப்பு வரை 36 கட்டைகள். ரோமானிய அடி நம் அடியைவிடச் சற்றுக் குறைவு என்பதால் 60 அடி ஏறக்குறைய பதினேழே முக்கால் மீட்டர் ஆகும். அப்படியானால் ஒரு மீட்டருக்கு இரண்டு கட்டை என்ற கணக்கில் கட்டியிருக்கிறார். இந்த விளையாட்டில் ஒரு கட்டை என்பது ஒரு மீட்டர், நம் உருவம் இரண்டு கட்டைக்குச் சற்றுக் குறைவு. எனவே உள்ளே நடக்கும்போது கோயில் உண்மையைப் போல இரு மடங்காகத் தெரியும் என்பதைப் பார்ப்பவர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இதைக் குறையென்று சொல்ல எனக்கு மனமில்லை. சொந்த அளவிலேயே கட்டியிருந்தால் ஒவ்வொரு தூணும் இரண்டுக்கு இரண்டு சதுரமாக, பெட்டி பெட்டியாக நின்றிருக்கும். இப்போது நாலுக்கு நாலில் மூலைகளை எடுத்துவிட்டதால் உருண்டைத் தூண் என்று கண் ஒப்புக்கொள்கிறது. குவார்ட்ஸ் தூண் கட்டையில் இயல்பாகவே உள்ள நெடுக்குக் கோடுகள் கிரேக்கத் தூணின் வரிப்பள்ளங்களாகவும் ஆகிவிடுகின்றன.

எங்கள் பக்கத்து வீடுகளில் முகப்பில் நின்றால் வாசலுக்குப் பின் வாசலாகப் பின்கட்டு வரை ஒரே நேர்க்கோட்டில் பார்வை போகும். அந்தப் பழக்கத்தில் கோயிலின் முன்படியில் நின்று உள்ளே பார்த்தேன். முன்வரிசையின் நடு இடைவெளி மற்றவற்றைவிட அகலமாக விடப்பட்டிருக்கிறது, அதற்கு நேரே கதவு, கதவுக்கு நேரே தேவியின் உருவம். கோயில் மேற்குப் பார்த்தது என்பதையும் விடாமல் பிடித்திருக்கிறார். ஒளியையும் நிழலையும் இயல்பாகக் காட்டும் ஷேடர் என்ற கூடுதல் நிரலைப் போட்டுவிட்டு, விளையாட்டின் பொழுது சாயும் நேரத்தில் அந்த இடத்தில் நின்றால், இரட்டை வரிசைத் தூண்களின் நிழல் நீண்டு நீண்டு உள்ளறைச் சுவரில் ஏறுவதைப் பார்க்கலாம். அங்கே ஒரு பகல் இரவு மொத்தமே இருபது நிமிடம்தான். ஆகையால் அந்தக் காட்சி சட்டென்று போய்விடும்.

ஆனால் இந்த மேப்பின் மீது எனக்கு மரியாதை வந்த இடம் தூண்கள் அல்ல. மூன்றாம் நாள் பேரன், "ஐயா, தரையை உடைச்சுப் பாருங்க" என்றான். உடைத்தேன். வெள்ளைத் தளத்துக்குக் கீழே கல், அதற்குக் கீழே வெண்மையான கம்பளிக் கட்டைகள் ஒரு வரிசை, அதற்கும் கீழே கன்னங்கரேலென்று நிலக்கரிக் கட்டைகள். நிலநடுக்கத்துக்கு அஞ்சி இந்தக் கோயிலைச் சதுப்பு நிலத்தில் கட்டினார்கள் என்றும், அடித்தளம் நழுவாதிருக்கக் கரியை மிதித்துக் கெட்டிப்படுத்தி அதன்மேல் ஆட்டுக் கம்பளியைப் பரப்பினார்கள் என்றும் பிளினி எழுதுகிறார். விளையாட்டில் மரக்கரிக்குக் கட்டை இல்லை. அதனால் நிலக்கரியை வைத்திருக்கிறார். வருகிறவர் எவரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தே கோயிலின் முழு நீள அகலத்துக்கும் அதை இட்டிருக்கிறார். சுண்ணாம்பும் கருப்பட்டியும் கடுக்காயும் முட்டை வெள்ளையும் சேர்த்துப் பூச்சுக்குள் பூச்சாக இழைத்த எங்கள் சுவர்களில் விரிசல் விட்ட இடங்களைப் பார்க்கும்போதுதான் உள்ளிருக்கும் உழைப்பு தெரியும். அதே உணர்வு இங்கும் வந்தது.

அதனாலேயே மேலே சில இடங்களில் மனம் வருந்துகிறது. அடியில் சதுப்புக்கான கரியை இட்டவர், சுற்றிலும் வெட்டிச் சீராக்கிய பசும்புல்லை விரித்திருக்கிறார். விளையாட்டிலேயே சதுப்பு நிலம் உண்டு; நாணலும் தேங்கிய நீரும் நான்கு பக்கமும் இருந்திருந்தால் அந்த அடித்தளத்துக்குப் பொருள் கிடைத்திருக்கும். அடுத்து நிறம். கிரேக்கக் கோயில்கள் வண்ணம் தீட்டப்பட்டவை. ஆத்தங்குடிக் கல் தரையிலும் வண்ணக் கண்ணாடி சன்னலிலும் சுதைச் சிற்பத்திலும் நிறத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு, கூரை முகப்பு முழுதும் ஒரே வெள்ளையாக இருப்பது கட்டடத்தைப் பாதியில் விட்டதாகவே படுகிறது. 16 நிறங்களில் டெரகோட்டா என்ற சுட்ட மண் கட்டை கைவசம் இருக்கும்போது சிவப்பும் நீலமும் சேர்க்கத் தயங்கியிருக்க வேண்டாம். கதவுக்கு வெளிர் நிறப் பிர்ச் மரம் போட்டதும் பொருந்தவில்லை. அந்தக் கோயிலின் கதவுகள் சைப்ரஸ் மரத்தில் செய்யப்பட்டு, ஏறத்தாழ நானூறு ஆண்டுக்குப் பிறகும் புதிது போல இருந்தன என்கிறார் பிளினி. எங்கள் பர்மா தேக்குக் கதவுகளைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அது எத்தகைய செய்தி என்று புரியும். சிற்பத் தூண்கள் 36க்கும் ஒரே செதுக்குக் கட்டையைத் திரும்பத் திரும்ப வைத்ததை மட்டும் நான் பொறுத்துக்கொள்கிறேன், கட்டைகளால் மனித உருவம் செதுக்குவது அரிது.

இது விளையாட்டின், கணினியில் மட்டும் ஓடும் ஜாவா பதிப்புக்கு மட்டுமே கிடைக்கிறது, கைப்பேசியில் திறக்காது. மேப்பின் கோப்புறையை அப்படியே விளையாட்டின் சேவ்ஸ் என்ற கோப்புறைக்குள் போட்டால் போதும். ஷேடருடன் ஓட்டப் பேரனின் கணினி திணறியது, பார்க்கும் தூரத்தைக் குறைத்த பிறகு சரியாயிற்று. ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன்.

தரையை உடைக்கும் முன் மறவாமல் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் எடுக்கவில்லை. நான் தோண்டிய குழியை மூட, கரி, கம்பளி, கல், தளம் என்று வரிசை மாறாமல் ஒவ்வொன்றாக அடுக்குவதில் எனக்கும் பேரனுக்கும் ஒரு மாலைப்பொழுது முழுதும் போயிற்று.