780 யூரோ போனது: பழைய பைபிள் வரைபடம் இணையத்தில் வாங்கப் போகிறவர்கள் படியுங்கள்

நான் வாங்கிய பழைய வரைபடம் போலி என்று நேற்று மாலைதான் உறுதியானது. ராத்திரி தூங்கவில்லை, கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். 780 யூரோ. நம் ஊர்க் காசுக்கு எழுபதாயிரத்துக்கு மேல். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் பெல்ஜியத்தில் ஆன்ட்வெர்ப்பில் வேலை பார்க்கிறேன். 1570இல் முதல் நவீன அட்லஸை, அதாவது வரைபடப் புத்தகத்தை, வெளியிட்ட ஆபிரகாம் ஒர்டேலியஸின் ஊர் இது. முற்பிதா ஆபிரகாமின் பயணத்தையும் வாழ்க்கையையும் வைத்து அவர் ஒரு வரைபடம் போட்டார், 1590இல் வெளியானது. நடுவில் கானான் தேசம், சுற்றிலும் 22 வட்டங்களில் ஆபிரகாமின் கதை. அதில் மகன் ஈசாக்கைப் பலியிடப் போகும் காட்சியும் உண்டு. அப்பா முப்பது வருடம் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்தவர். ஆபிரகாம் கதையை அவர் சொல்லித்தான் கேட்டு வளர்ந்தேன். அவருடைய எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு இதைவிட நல்ல பரிசு கிடையாது என்று நினைத்தேன்.

பழம்பொருள் ஏலம் விடும் ஒரு இணையதளத்தில் கிடைத்தது. விற்றவன் அவ்வளவு பணிவாகப் பேசினான். எது கேட்டாலும் ஐந்து நிமிடத்தில் பதில். தாத்தாவின் நூலகத்தில் இருந்ததாம், வீட்டைக் காலி செய்கிறார்களாம். "அசல்தானே?" என்று இரண்டு முறை கேட்டேன். நான் கேட்காமலேயே தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒரு படம் அனுப்பினான். கையால் செய்த பழைய தாளில் தெரியும் கம்பிக் கோடுகள் அதில் பளிச்சென்று தெரிந்தன. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் முழுசாக நம்பினேன். முத்திரை குத்திய சான்றிதழும் கூடவே வந்தது. பார்சல் வந்த அன்றே, "கிடைத்தது, எல்லாம் சரி" என்ற பொத்தானை அழுத்திவிட்டேன். அழுத்தியதும் தளம் பிடித்து வைத்திருந்த 780 யூரோ அவன் கணக்குக்குப் போய்விட்டது.

நேற்று அதற்குக் கண்ணாடிச் சட்டம் போடக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் பூதக்கண்ணாடியை வைத்துவிட்டு என்னையும் பார்க்கச் சொன்னார். கோடுகள் எல்லாம் சின்னச் சின்னப் புள்ளிகள். அந்தக் காலத்து வழக்கப்படி செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்திருந்தால் கோடு முழுசாக இருக்கும், மை தாளின் மேல் லேசாகத் தூக்கி நிற்கும், ஓரத்தில் தகடு அழுத்திய தடமும் இருக்கும். இதில் ஒன்றுமே இல்லை. வெளிச்சத்தில் பிடித்தோம், கம்பிக் கோடும் இல்லை. அப்படியானால் அவன் அனுப்பிய படம் வேறு ஏதோ தாளுடையது!

உடனே அவனுக்கு எழுதினேன். "நிபுணர் கடிதம் அனுப்புங்கள்" என்றான். கடைக்காரர் அங்கேயே எழுதிக் கொடுத்ததை அனுப்பினால், "இவர் அங்கீகாரம் பெற்றவர் இல்லை" என்றான். அதற்கப்புறம் என்னை முடக்கிவிட்டான். தளத்துக்கு எழுதினால், நீங்கள்தான் சரி என்று உறுதி செய்துவிட்டீர்களே என்கிறார்கள். அதோடு விவரக் குறிப்பில் "ஒர்டேலியஸைப் பின்பற்றியது", அதாவது அசல் இல்லை, நகல் என்று இருக்கிறதாம். போய்ப் பார்த்தேன், இருக்கிறது, ஒன்பதாவது வரியில். அப்படியானால் சான்றிதழில் எப்படி 16ஆம் நூற்றாண்டு என்று போட்டான்? அதற்குப் பதில் இல்லை. மூன்றாவது முறை எழுதியபோது "உங்கள் புகார் மூடப்பட்டது" என்று ஒரே வரி வந்தது. 780 யூரோவுக்கு ஒரு வரி.

விவரமாக எழுத இப்போது மனசு இல்லை, இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். பூதக்கண்ணாடியில் புள்ளி தெரிந்தால் வாங்காதீர்கள். "பின்பற்றியது" என்ற சொல்லைத் தேடுங்கள். வெளிச்சத்தில் பிடித்த படம் கேட்டால், அன்றைய செய்தித்தாளையும் பக்கத்தில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். சான்றிதழை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். தெரிந்தவரிடம் காட்டாமல் அந்தப் பொத்தானை அழுத்தவே அழுத்தாதீர்கள்.

நாளைக் காலை வங்கிக்கும் போலீசுக்கும் போகிறேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.