மிண்டானாவோ மலைச்சரிவுக்கு எது பொருந்தும்: அடுக்கு வயலா, மரவேலியா, உழாமல் விட்ட புல்லா?

பிலிப்பைன்ஸின் மிண்டானாவோ தீவில் ஏழை விவசாயிகள் மலைச்சரிவை உழுது மக்காச்சோளம் போடுகிறார்கள். அடித்துப் பெய்யும் மழையில் மேல்மண் சில வருடங்களிலேயே ஆற்றோடு போய்விடும். அதை நிறுத்த அந்த நாட்டிலேயே மூன்று வழிகள் இருக்கின்றன: வடக்கே இஃபுகாவோ மலைகளின் அடுக்கு வயல், மிண்டானாவோவின் தெற்கே உருவான 'சால்ட்' (சரிவு நில வேளாண் முறை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) மரவேலி, அதே தீவின் வடக்கே கிளாவேரியா விவசாயிகள் கைக்கொண்ட புல்வரிசை. பெயரும் புகழும் முதல் இரண்டுக்குத்தான். ஓர் எருமையும் கொஞ்சம் சரிவு நிலமும் மட்டுமே உள்ளவருக்கு என் ஓட்டு மூன்றாவதற்கு.

அடுக்கு வயலைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பார்க்க அழகு, யுனெஸ்கோ 1995-ல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. (2,000 வருடப் பழமை என்று காலங்காலமாகச் சொல்லி வந்தார்கள். அண்மைய அகழாய்வுகள் அங்கே நெல் வயல் பரவியதைச் சுமார் 400 வருடங்களுக்குள் கொண்டுவருகின்றன.) ஆனால் அந்த வயல்களைத் தாங்குவது கற்சுவர் மட்டுமல்ல. மேலே 'முயோங்' என்ற குடும்பக் காடுகள் இருக்கின்றன, அவைதான் ஊற்றைக் காக்கின்றன. வாய்க்காலையும் சுவரையும் பழுது பார்க்க ஊரே கூடி உழைக்கிறது. இளைஞர்கள் நகரத்துக்குப் போனதும் சுவர்கள் சரியத் தொடங்கின. யுனெஸ்கோ 2001-ல் அவற்றை அபாயத்தில் உள்ள மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்து, 2012-ல்தான் எடுத்தது. ஊற்றுநீரும் இல்லை, கூடி உழைக்கும் வழக்கமும் இல்லை என்றால், மானாவாரி மக்காச்சோளத்துக்காகப் புதிதாக மலையை வெட்டுவது வீண் செலவு. மேல்மண் ஆழமில்லாத இடத்தில் வெட்டினால் அடிமண்தான் மேலே வரும், அதில் முதல் சில வருடம் விளைச்சல் குறைவாகவே இருக்கும்.

சால்ட் கதை சுவாரசியமானது. டாவோ டெல் சூர் மாகாணத்தின் பன்சலான் பகுதியில், ஹரால்ட் வாட்சன் என்ற அமெரிக்க மிஷனரி நடத்திய பண்ணையில் 1970-களில் உருவான முறை அது. அவருக்கு 1985-ல் மக்சேசே விருது கிடைத்தது. மூன்று கம்பு, ஒரு கயிறு, ஒரு கல் போதும், A எழுத்து வடிவில் மட்டம் பார்க்கும் ஏ-ஃபிரேம் தயார். அதை வைத்துச் சம உயரக் கோடு பிடிக்கலாம். நான்கைந்து மீட்டருக்கு ஒரு கோடு, கோட்டில் நெருக்கமாக இரட்டை வரிசையில் பயறு இனச் செடிகள். முதலில் நட்டது இபில்-இபில், நம்மூரில் ஆட்டுக்கு ஒடித்துப் போடும் அதே சவுண்டல். வேலி வளர வளர வெட்டி, தழையை நடுவில் உள்ள பயிருக்குப் போட வேண்டும். மண் வேலியில் தங்கும், தழை தழைச்சத்தைத் தரும், விறகும் தீவனமும் கூடக் கிடைக்கும். காகிதத்தில் இதில் குறை கண்டுபிடிப்பது கஷ்டம்.

நிலத்தில் குறைகள் தெரிந்தன. 1980-களின் நடுவில் சிலிட் என்ற சின்னச் சாறு உறிஞ்சிப் பூச்சி வந்து சவுண்டலை மொட்டையடித்தது. கிளைரிசிடியா, ஃப்ளெமிஞ்சியா என்று செடியை மாற்றி அதைச் சமாளித்தார்கள். மாற்ற முடியாதது வேலைப்பளு. வேலியை வருடத்துக்குப் பல முறை வெட்ட வேண்டும், அதுவும் களையெடுப்பும் விதைப்பும் நெருக்கும் அதே நாட்களில். ஒரு தடவை விட்டால் வேலி உயர்ந்து மக்காச்சோளத்துக்கு நிழல் கட்டும். கிளாவேரியா போன்ற இடங்களின் புளிப்பு (அமில) மண்ணில் இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே குறைவாக இருப்பது மணிச்சத்து (பாஸ்பரஸ்). மண்ணில் இல்லாததைத் தழை எங்கிருந்து கொண்டுவரும்? வேலியின் வேரும் அதே மணிச்சத்துக்குப் பயிரோடு போட்டி போடும்.

கிளாவேரியாவுக்கு ஆராய்ச்சியாளர்கள் இந்த மரவேலியோடுதான் போனார்கள். விவசாயிகள் சம உயரக் கோட்டை எடுத்துக்கொண்டார்கள், மரத்தைப் பலர் விட்டுவிட்டார்கள். கோட்டில் அரை மீட்டர் அகலத்தை உழாமல் விட்டால் புல் தானே முளைக்கும். விதை வேண்டாம், நாற்று வேண்டாம், எப்போதாவது அறுத்தால் போதும். சிலர் ஏ-ஃபிரேமைக்கூடத் தூக்கிப்போட்டு, உழும்போது மாட்டின் முதுகைப் பார்க்கிறார்கள்: முன்பக்கம் உயர்ந்தால் மேடேறுகிறது, தாழ்ந்தால் இறங்குகிறது, முதுகு மட்டமாக இருந்தால் கோடு சரி. ஓடும் நீரைப் புல் தடுக்க, மண் அதன் மேல்பக்கம் படிந்து, சில வருடங்களில் படி தானாக உருவாகிவிடும். 1996-ல் அங்கே தொடங்கிய லேண்ட்கேர் விவசாயிக் குழுக்கள் வழியாக இது பக்கத்து ஊர்களுக்கும் பரவியது.

புல் தழைச்சத்து தராது என்பது உண்மை. உரச் செலவு குறையாது. சால்ட் ஆதரவாளர்கள் இதைச் சுட்டிக்காட்டுவது நியாயம்தான். ஆனால் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறொரு வித்தியாசம். மரவேலி எல்லா வேலையையும் முதலிலேயே கேட்கிறது. புல்வரிசை முதல் வருடம் ஏறக்குறைய ஒன்றும் கேட்பதில்லை, பிறகு கையில் காசு வரும்போது அந்த வரிசையிலேயே வாழை, காப்பி, பழமரம், குமிழ் மரம் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். பலர் அப்படித்தான் செய்தார்கள்.

நிலம் யாருடையது என்பதும் இதில் வருகிறது. 1975-ன் வனச் சட்டப்படி 18 சதவீதத்துக்கு மேல் சரிவான பொது நிலத்துக்குத் தனியார் பட்டா கிடையாது. 1982 முதல் 25 வருட ஒப்பந்தம் தரும் திட்டம் வந்தாலும், எல்லோர் கையிலும் அந்தக் காகிதம் இல்லை. குத்தகைக்காரர் நிலைமை இன்னும் மோசம், நட்ட மரம் கடைசியில் யாருக்கு என்றே அவருக்குத் தெரியாது. அவரிடம் போய் இரட்டை வரிசை வேலி நடுங்கள் என்பது கொஞ்சம் அநியாயம். உழாமல் விட்ட அரை மீட்டர் புல்லில் அவர் இழப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை.

சால்ட் ஜெயிக்கும் இடமும் இருக்கிறது. ஆடு வளர்ப்பவருக்கு வேலி வெட்டுவது தனி வேலையாகத் தெரியாது, தினமும் தீவனம் வேண்டுமே. ஆட்டைச் சேர்த்து 'சால்ட்-2' என்றே ஒன்றை அதே பண்ணை வகுத்திருக்கிறது. மண் மிகப் புளிப்பாக இல்லாமல், நிலம் சொந்தமாக, வீட்டில் இரண்டு மூன்று பேர் உழைக்க இருந்தால் அதையே எடுக்கலாம்.

புல்வரிசை எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு வரிசைக்கு நடுவே உழ உழ மேல்பாதி மண் கீழ்பாதிக்கு நகரும். கீழே மக்காச்சோளம் கருகருவென்று நிற்கும், மேலே மஞ்சளடித்து நிற்கும். மரவேலியிலும் இதே தொல்லை உண்டு, புல்லில் ஈடுகட்டத் தழை கிடையாது என்பதுதான் வித்தியாசம். அதனால் எருவையும் உரத்தையும் வயல் முழுக்கச் சமமாக வீசாமல், மேல்பாதிக்குக் கூடுதலாகப் போட வேண்டும். உழவையும் முடிந்த மட்டும் குறைத்துக்கொள்ளலாம்.