ஷ்மால்ட்ஸ்லரா, மெந்தால் பொடியா? பவேரிய மூக்குப்பொடிகள் ஓர் ஒப்பீடு

ஜெர்மனியின் மூக்குப்பொடி மரபு பெரும்பாலும் பவேரிய மாநிலத்தைச் சார்ந்தது. லாண்ட்ஸ்ஹூட் நகரில் 1902-இல் தொடங்கப்பட்டு, இப்போது அதன் அருகிலுள்ள கைசன்ஹாவ்சனில் இயங்கும் பொஷ்ல் நிறுவனத்தின் டப்பாக்களை மட்டும் வரிசையாக வைத்துப் பார்த்தாலே, பொடி போடுபவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்திருப்பது புலப்படும். எண்ணெய்ப் பசையோடு கரும்பழுப்பாக இருக்கும் ஷ்மால்ட்ஸ்லர் ஒரு கட்சி. க்ளெட்ஷர்பிரீஸ் என்னும் பெயரில் உலகெங்கும் அறிமுகமான மெந்தால் பொடி மற்றொரு கட்சி. புகழில் மெந்தால் முந்திக்கொண்டுவிட்டது என்றாலும், புகையிலையின் மணம்தான் வேண்டுமென்றால் ஷ்மால்ட்ஸ்லரையே நாட வேண்டும் என்பது என் தீர்ப்பு.

ஷ்மால்ட்ஸ்லரின் உயிர் பிரேசில் புகையிலையில் இருக்கிறது. இனிப்பூட்டிய சாற்றில் ஊறிய இலைகளைத் தடித்த கயிறாக முறுக்கி, நெடுநாள் நொதிக்கவிட்டு, ஏறக்குறைய கறுத்துப்போன நிலையில் அரைத்தெடுப்பார்கள். பொடி காய்ந்து தூசாகப் பறக்காதிருக்க அதில் கொழுப்பைச் சேர்ப்பது பழைய வழக்கம். முன்பு உருக்கிய வெண்ணெய் சேர்த்தார்கள். அது நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும் என்பதால் இப்போது பெரும்பாலும் வாசனையற்ற கனிம எண்ணெயைச் சேர்க்கிறார்கள். நெய் சேர்த்துப் பக்குவப்படுத்தும் நம் பட்டணம் பொடியை அறிந்தவர்களுக்கு இந்தச் சேர்மானம் விநோதமாகத் தோன்றாது.

புறங்கையில் சிறு குவியலாகக் கொட்டி மெதுவாக இழுத்தால், முதலில் வருவது உலர்ந்த கருந்திராட்சையும் கோகோவும் கலந்தாற்போன்ற இனிப்பு வாசனை. அது அடங்கியபின், சற்றே புளித்த, பதப்படுத்திய தோலை நினைவூட்டும் கனத்த வீச்சம் எழுந்து நாசியில் நெடுநேரம் தங்குகிறது. பொடி கரகரப்பாகவும் ஈரமாகவும் இருப்பதால் மூக்கின் முன்பகுதியிலேயே நின்றுவிடுகிறது. தொண்டைக்குள் இறங்கிக் காரம் காட்டுவதும், அடுக்கடுக்காகத் தும்மல் வருவதும் குறைவு. பெர்லஸ்ராய்ட்டர் என்ற வகையில் இந்தக் கனம் இன்னும் கூடுதலாகத் தெரியும். அப்பெயருக்கு உரிய பெர்லஸ்ராய்ட், பவேரியக் காட்டுப் பகுதியில் பொடித் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். அக்காட்டின் கண்ணாடித் தொழிலாளர்கள், உலையடியில் ஊதுகுழலும் கையுமாக நிற்கும்போது புகைக்க இயலாததால் பொடியை விரும்பினார்கள் என்பதோடு, ஓய்வு நேரத்தில் தமக்கென வண்ண வண்ணப் பொடிக்குப்பிகளையும் ஊதிக்கொண்டார்கள். அந்தக் குப்பிகளை இன்று சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள்.

க்ளெட்ஷர்பிரீஸின் இயல்பு முற்றிலும் வேறு. பொடி மென்மையானது, இழுத்த கணமே மெந்தாலின் குளிர்ச்சி நெற்றிவரை பாய்கிறது, சில சமயம் கண்ணில் நீரும் வரும். சளி பிடித்த நாளில் மூக்கடைப்பு விலகிவிட்டதாகவே தோன்றும். உண்மையில் மெந்தால், குளிரை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுகிறதே தவிர, அடைப்பை நீக்குவதில்லை. அந்தக் குளிர்ச்சி தணிந்த பிறகு புகையிலையைத் தேடினால், அடியில் மெல்லிய ஒரு கீற்றாக மட்டுமே அகப்படுகிறது. புத்துணர்வு வேண்டுவோருக்கு இது குறையாகப் படாது. மணத்தை நிதானமாக அனுபவிக்க நினைப்பவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். ஐரோப்பிய ஒன்றியம் 2020 மே மாதம் மெந்தால் சிகரெட்டுகளைத் தடைசெய்தபோதும், மூக்குப்பொடி அத்தடைக்குள் வராததால் இந்த வகை கடைகளில் நீடிக்கிறது.

இரண்டுக்கும் நடுவே பழ மணப் பொடிகளும் உண்டு. அவற்றில் பெயர்பெற்ற கேவித் ஏப்ரிகாட், சர்க்கரைப் பாதாமி வாசனையும் இலேசான மெந்தாலும் கலந்தது. முதல் சிட்டிகைக்கு இனிமையாக இருந்தாலும், அடுத்தடுத்துப் போடும்போது அத்தர் பூசியதுபோல் திகட்டத் தொடங்குகிறது.

அன்றாடப் பழக்கத்தில் ஷ்மால்ட்ஸ்லருக்கும் சங்கடங்கள் உண்டு. கைக்குட்டை கரும்பழுப்பாகக் கறைபடும். பலர் கூடியிருக்கும் இடத்தில் இது மெந்தாலைவிட அதிகமாகவே உறுத்தும். டப்பா திறந்து கிடந்தால் ஈரம் வற்றிப் பொடி உயிரிழந்துவிடும். மெந்தாலோ ஆவியாகிப்போய், வெறும் காரத்தை விட்டுச்செல்லும். எனவே எதுவானாலும் பத்து கிராம் டப்பாவாக வாங்குவதே சரி.

நிகோட்டினைப் பொறுத்தவரை இவற்றுக்குள் நல்லது, கெட்டது என்று பிரிக்க இடமில்லை. புகை இல்லாவிட்டாலும் நாசிச் சவ்வு வழியே நிகோட்டின் விரைவாக இரத்தத்தில் கலக்கிறது. உடல்நலத்தைக் கெடுக்கும், அடிமைப்படுத்தும் என்ற எச்சரிக்கை எல்லா டப்பாக்களிலும் அச்சாகியிருக்கிறது. ஆனால் மெந்தாலின் குளிர்ச்சி காரத்தை மறைத்து அடிக்கடி கையை டப்பாவுக்கு இழுக்கிறது என்பதையும், ஷ்மால்ட்ஸ்லரின் கனமோ ஒரு சிட்டிகையோடு நெடுநேரம் போதுமென்று நிறுத்திவிடுகிறது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டால், என் கை ஷ்மால்ட்ஸ்லரின் பக்கமே சாய்கிறது.