மிச்ச சோறும் மூட்டைத் தீவனமும்: கொல்லைக் கோழிகளோடு மூன்றரை வருஷம்

மண்ணச்சநல்லூரில் குடியிருந்துகொண்டு கோழி வளர்க்கும் ஆசையை அடக்குவது கஷ்டம். ஊரைச் சுற்றி அரிசி ஆலைகள். குருணையும் தவிடும் கேட்ட இடத்தில் கிடைக்கும். வீட்டில் ஐந்து பேர், தினமும் ஏதாவது மிஞ்சும். 2021 கடைசியில் சின்ன உருவ நாட்டுக்கோழியான சிறுவிடைப் பெட்டை மூன்றும், கிராமப்பிரியா பெட்டை நான்கும் வாங்கிக் கொல்லையில் விட்டபோது, தீவனச் செலவு என்று ஒன்று வரும் என்றே நான் நினைக்கவில்லை. காலையில் மிச்ச சோறு, மதியம் காய்கறித் தோல், சாயங்காலம் ஒரு கை குருணை. கோழிக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

என் மாமியாரும் அதையேதான் சொன்னார். அவர் துறையூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். "ஏம்மா, எங்க ஊருல எந்தக் கோழிக்குக் காசு குடுத்து மூட்டை வாங்கிப் போட்டோம்? அதுவா மேஞ்சுது, அதுவா போட்டுச்சு."

முதல் நான்கு மாதம் அவர் பக்கமே ஜெயித்தது. ஐந்தாம் மாதம் ஒரு காலை, முட்டை எடுக்கக் கூட்டுக்குள் கையை விட்டால், விரலில் பட்டது ஈரமான பலூன் மாதிரி இருந்தது. தோல் முட்டை. ஓடே இல்லை, வெறும் சவ்வு. எடுக்கும்போதே கையில் நசுங்கியது. அதற்கடுத்த வாரம் கிராமப்பிரியாவில் ஒன்று உடைந்த முட்டையைக் கொத்தித் தின்ன ஆரம்பித்தது. அந்தப் பழக்கம் ஒரு கோழிக்கு வந்தால் மற்றதற்கும் தொற்றும்.

கால்நடை மருந்தகத்து டாக்டரிடம் போனேன். அவர் கோழியைப் பார்க்கவே இல்லை, என்ன போடுகிறீர்கள் என்று மட்டும் கேட்டார். சொன்னேன். ஒரு முட்டை ஓட்டில் இரண்டு கிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறதே, நீங்கள் போடும் சோற்றில் அது எங்கே இருக்கிறது என்றார். வெளியிலிருந்து வராவிட்டால் கோழி தன் எலும்பிலிருந்து எடுக்கும், அங்கேயும் தீர்ந்தால் தோல் முட்டைதான். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து சுமார் மூன்றரை முதல் நான்கு சதவீதம், புரதம் பதினாறு, பதினேழு சதவீதம் இருக்கும். அரிசியிலோ புரதம் ஏழெட்டு சதவீதம்தான். சோறாக வெந்தால் பாதிக்கு மேல் தண்ணீர். வயிறு நிறையும், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவரே கணக்கை அவிழ்த்தார். அவர்கள் கோழி ஒரு ஈட்டுக்குப் பன்னிரண்டு, பதினைந்து முட்டை போடும், அடை உட்கார்ந்துவிடும். குஞ்சு இறக்கி, வளர்த்து, மறுபடி முட்டைக்கு வர மாசக்கணக்கு ஆகும். வருஷத்துக்கு அறுபது, எழுபது தேறினால் பெரிசு. அந்தக் கோழிக்குத் தெரு முழுக்கச் சொந்தம்: குப்பைமேட்டுப் புழு, களத்து நெல், மாட்டுத் தொழுவத்துப் பூச்சி, கறையான். என் கிராமப்பிரியாக்கள் இருப்பது முப்பதுக்கு இருபது அடிக் கொல்லை. ஹைதராபாத்தில் உள்ள கோழியின ஆராய்ச்சி இயக்குநரகம் புறக்கடை வளர்ப்புக்கென்றே உருவாக்கிய இனம் அது, நன்றாகக் கவனித்தால் வருஷத்துக்கு இருநூறு முட்டை. துறையூர்த் தீனியைப் போட்டு ஹைதராபாத் முட்டையைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து முட்டைக்கோழித் தீவனம் ஐம்பது கிலோ மூட்டையாக வாங்குகிறேன். கூடவே கிளிஞ்சல். கிளிஞ்சலைப் பொடி செய்யாமல் அரிசி அளவுக்கு உடைத்து, தனிக் கொட்டாங்கச்சியில் வைத்துவிட்டால் போதும். தேவைப்படும் கோழி மட்டும் வந்து எடுத்துக்கொள்ளும், பெரும்பாலும் சாயங்காலத்தில். ஓடு உருவாவது ராத்திரியில் என்பதால் அந்த நேரத்தில்தான் தேடும். வெற்றிலைச் சுண்ணாம்பைப் போடலாமா என்று ஒருவர் கேட்டார். கூடாது, அது வாயையும் குடலையும் புண்ணாக்கிவிடும். வீட்டு முட்டை ஓட்டையும் கழுவிக் காயவைத்து உரலில் நொறுக்கிப் போடுகிறேன். முழு ஓடாகப் போட்டால் முட்டை கொத்தும் புத்தி வரும்.

தீவனம் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தது அடுத்த தப்பு. மூட்டைத் தீவனம் மாவு மாதிரி இருக்கும். கோழி அதில் மக்காச்சோள உடைசலை மட்டும் பொறுக்கிவிட்டு, மாவைக் காலால் சீய்த்து இறைத்துவிடும். சத்து மருந்தெல்லாம் அந்த மாவில்தான் இருக்கிறது. இப்போது காலையில் வேண்டிய அளவுக்குத் தண்ணீர் தெளித்து, புட்டு மாவுப் பதத்துக்குப் பிசிறி வைக்கிறேன். பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். ஒரு மணி நேரத்தில் தீரும் அளவுதான். வெயில் நாளில் மதியம் வரை கிடந்தால் புளித்துவிடும்.

சமையலறை மிச்சத்தை நான் நிறுத்தவில்லை, நேரத்தைத்தான் மாற்றினேன். இந்த மூன்றரை வருஷத்தில் மிகப் பெரிய வித்தியாசம் இதில்தான் தெரிந்தது. காலையில் பசியோடு இறங்கும் கோழி எது முதலில் கிடைக்கிறதோ அதில் வயிற்றை நிரப்பிவிடும். அது சோறாக இருந்தால் அன்றைக்குத் தீவனத்தைத் திரும்பிப் பார்க்காது. அதனால் காலையில் தீவனம் மட்டும், மிச்சம் எல்லாம் நாலு மணிக்கு மேல். கிராமப்பிரியா ஒன்று ஒரு நாளைக்கு நூற்றுப் பத்து கிராம் அளவில் தின்கிறது. அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம் போகாமல் பார்த்துக்கொள்கிறேன். எல்லாக் கோழிக்கும் சேர்த்து இரண்டு கைப்பிடி வரும். கீரைக்கு மட்டும் இந்தக் கணக்கு இல்லை.

முருங்கைக்கீரை உருவிய குச்சி, முள்ளங்கி இலை, தண்டுக்கீரையின் அடித்தண்டு, தர்பூசணித் தோல் எல்லாம் நன்றாகப் போகும். கீரையைக் கொத்தாகக் கட்டி, கோழி எட்டும் உயரத்தில் தொங்கவிட்டால் அரை மணி நேரம் வேடிக்கை. தரையில் போட்டால் மிதித்து நாசம் செய்யும். கீரை போட ஆரம்பித்து இரண்டு வாரத்தில் மஞ்சள் கரு செவலை நிறத்துக்கு வந்தது. சொந்தக்காரர்கள் "இதுதான் சத்து முட்டை" என்று கேட்டு வாங்கிப் போகிறார்கள். நிறம் கீரையிலிருந்து வருவது, அதை வைத்து முட்டையின் புரதத்தைச் சொல்ல முடியாது. சொல்லிப் பார்த்தேன், யாரும் நம்பவில்லை. மீன் கழிவை அதிகம் போட்டால் முட்டையில் கவிச்சி அடிக்கும். அதை மட்டும் உடனே நம்பினார்கள்.

உப்பில் சூடுபட்டவள் நான். பழைய சாம்பார் சாதமும் அப்பளமும் போட்ட மறுநாள் எச்சம் தண்ணீராகப் போனது, தண்ணீர்ச் சட்டி இரண்டு தடவை காலியானது. உப்புக் கருவாட்டுத் தலையும் அப்படித்தான். ஊறுகாய், காபித்தூள், பச்சை பாய்ந்த உருளைக்கிழங்கு, வேகாத காய்ந்த பயறு எதுவும் கொல்லைப் பக்கம் போவதில்லை. பூஞ்சணம் பிடித்தது எதுவும் போகாது. ஒரு கார்த்திகை மழையில் மூட்டையைத் தரையில் வைத்துவிட்டேன். அடியில் எட்டுப் பத்து கிலோ கட்டி தட்டி, பச்சையாகப் பூத்துவிட்டது. வெயிலில் காயவைத்துப் போடலாம் என்றார்கள். பூஞ்சண நஞ்சு காயவைத்தாலும் போகாது. மனசில்லாமல் குழி வெட்டிப் புதைத்தேன். இப்போது மூட்டை பலகை மேல், மூடி போட்ட டிரம்மில். டிரம் வந்த பிறகு பெருச்சாளித் தொல்லையும் பாதி குறைந்தது. மிச்ச சோற்றை ராத்திரி கிடக்கவிடாததால் மீதியும் போயிற்று.

இரண்டாம் வருஷப் பொங்கல் முடிந்து, ஒரு சட்டி சர்க்கரைப் பொங்கல் மிஞ்சியது. ஆசையாகத் தின்கிறதே என்று எல்லாவற்றையும் வைத்துவிட்டேன். மறுநாள் காலை ஒரு கிராமப்பிரியா கழுத்தை நீட்டி நீட்டி விழுங்கிக்கொண்டு நின்றது. கழுத்துக்குக் கீழே, நெஞ்சுக்கு வலப்பக்கமாக இரைப்பை இருக்கும். தொட்டால் பிசைந்த களிமண் உருண்டை மாதிரி. ராத்திரி அது நிறைந்து இருக்க வேண்டும், காலையில் தட்டையாக இருக்க வேண்டும். அன்று இரை இறங்கவே இல்லை. டாக்டர் சொன்னபடி அன்று தீனியை நிறுத்தி, தண்ணீர் மட்டும் வைத்து, மெதுவாக நீவிவிட்டேன். இரண்டு நாளில் இறங்கியது. அதிலிருந்து வாரம் ஒரு காலை எல்லாக் கோழியையும் பிடித்து இரைப்பையைத் தொட்டுப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

காப்பாற்ற முடியாததும் ஒன்று உண்டு. சோறும் குருணையுமாகத் தின்று கொழுத்த ஒரு கிராமப்பிரியா, சித்திரை வெயிலில் ஒரு மதியம் செத்துக் கிடந்தது. கறி போடும் தம்பி அறுத்துக் காட்டினார்: வயிற்றில் கை கனத்துக்கு மஞ்சள் கொழுப்பு. ஈரல் களிம்பு மாதிரி வெளுத்து, தொட்டால் உதிர்ந்தது. அதன் பிறகுதான் குருணையையும் குறைத்தேன்.

செலவு கேட்பவர்களுக்கு: ஆறு கோழிக்கு மாதம் பதினேழு, பதினெட்டு கிலோ தீவனம், இப்போதைய விலையில் அறுநூற்றைம்பது ரூபாய் வரை. முட்டை நல்ல மாதத்தில் எழுபது, எழுபத்தைந்து. சிறகு உதிர்க்கும் மாதங்களில் பாதி கூட வராது, மே மாதத்தில் தீவனம் தின்பதும் குறையும், ஓடும் மெலியும். சராசரிக்கு முட்டை பத்து ரூபாய் ஆகிவிடும். பக்கத்திலேயே நாமக்கல்லை வைத்துக்கொண்டு கடை முட்டையோடு விலையில் போட்டி போட முடியாது. நாட்டுக்கோழி முட்டை விலையோடு ஒப்பிட்டால் லாபம். சமையலறை மிச்சத்தால் தீவனத்தில் மிச்சமாவது மாதம் ஐம்பது, அறுபது ரூபாய் இருக்கலாம். வீட்டுக் குப்பைக்கூடை பாதியானதுதான் உண்மையான வரவு.

சிறுவிடையில் மூத்தது இப்போது அடையில் இருக்கிறது. பக்கத்துத் தெருவில் சேவலோடு இருக்கும் கோழிகளின் முட்டை பதினொன்று வாங்கி வைத்திருக்கிறேன், இன்றோடு பத்தொன்பது நாள். தினம் ஒரு தடவை இறங்கி, ஒரு கைப்பிடி கம்பும் தண்ணீரும் முடித்து, மண்ணில் ஒரு புரளல் போட்டுவிட்டுப் பத்து நிமிஷத்தில் ஏறிவிடும். முட்டைக்கோழித் தீவனத்தின் சுண்ணாம்புச் சத்து குஞ்சுகளின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதால் தனியாக இரண்டு கிலோ குஞ்சுத் தீவனம் வாங்கிவைத்தாயிற்று. மாமியார் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. நேற்றுச் சாயங்காலம் ஓட்டைப் பானை ஒன்றில் காய்ந்த சாணியும் கிழிசல் கோணியும் திணித்து, தண்ணீர் தெளித்து, தென்னை மரத்தடியில் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தார். குஞ்சுகளுக்குக் கறையான் பிடிக்க.