கம்யூனிட்டி காலேஜிலிருந்து புவியியல் மேஜருக்கு: கால் ஸ்டேட்டா, சாண்டா பார்பராவா, பெர்க்லியா?

என் அக்கா மகள் போன வருடம் கலிஃபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில், அதாவது முதல் இரண்டு வருடம் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிப்போக வழி தரும் கல்லூரியில், சேர்ந்தாள். முதல் செமஸ்டர் முடிந்ததும், "சித்தி, நான் புவியியல் மேஜர் எடுக்கப்போறேன்" என்றாள். மேஜர் என்றால் பட்டத்துக்கான முதன்மைப் பாடம். அக்காவுக்கு ஒரே கவலை: அதைப் படித்து என்ன வேலைக்குப் போவது? கவலை நியாயமானதுதான். ஆனால் உலகமெங்கும் வரைபட மென்பொருள் விற்கும் எஸ்ரி நிறுவனம் 1969-ல் தொடங்கியது இதே மாநிலத்தில், ரெட்லண்ட்ஸ் ஊரில். நகரத் திட்ட அலுவலகம், தண்ணீர் வாரியம், காட்டுத்தீயைக் கண்காணிக்கும் துறை என்று ஜிஐஎஸ் எனப்படும் கணினி வரைபடத் தகவல் முறை தெரிந்தவர்களுக்கு வேலை இருக்கிற இடங்கள் இங்கே நிறைய. எனவே படிக்கலாமா என்பதை விட்டுவிட்டு, எந்த வழியில் போவது என்று உட்கார்ந்து பார்த்தோம்.

கால் ஸ்டேட், சாண்டா பார்பரா, பெர்க்லி என்ற மூன்று வழிகளுக்கும் தொடக்கம் ஒன்றே. மாநிலத்தில் வசிப்பவர்களுக்குக் கம்யூனிட்டி காலேஜில் யூனிட் என்ற பாட அளவு ஒன்றுக்கு 46 டாலர். 60 யூனிட் முடிக்க 2,760 டாலர். முதல்முறையாக முழுநேரம் படிப்பவர்களுக்குப் பல கல்லூரிகள் முதல் இரண்டு வருடம் அதையும் தள்ளுபடி செய்கின்றன. பிரிவது மூன்றாம் வருடத்தில்தான். கால் ஸ்டேட் என்ற மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் வருடப் படிப்புக் கட்டணம் 6,000 டாலருக்கு மேல், சாண்டா பார்பராவும் பெர்க்லியும் அடங்கிய கலிஃபோர்னியா பல்கலைக்கழகமான யூசியில் 14,000-க்கு மேல். வாடகையும் சாப்பாடும் தனி. வீட்டிலிருந்தே போய்வர முடிகிற கால் ஸ்டேட் வளாகம் பக்கத்தில் இருந்தால், அந்த ஒரு காரணமே பல குடும்பங்களுக்குப் போதும்.

முதல் வழி, கம்யூனிட்டி காலேஜில் ஏஏ-டி என்ற மாறுதலுக்கான பட்டம் வாங்கிக்கொண்டு கால் ஸ்டேட்டுக்குப் போவது. 2010-ல் வந்த ஒரு சட்டத்தின் பலன் இது. புவியியலில் இந்தப் பட்டம் வாங்கியவருக்குக் கால் ஸ்டேட் அமைப்பில் எங்காவது ஓர் இடம் உறுதி. பொருந்தும் மேஜரில் சேர்ந்தால் இன்னும் 60 யூனிட்டில் இளங்கலையை முடித்துவிடலாம். "எங்காவது" என்ற சொல்லைக் கவனித்துக்கொள்ளுங்கள். கேட்ட வளாகம் கிடைக்கும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. சான் டியாகோ ஸ்டேட், லாங் பீச் போன்ற இடங்களில் நெரிசல் அதிகம். சான் டியாகோ ஸ்டேட்டின் புவியியல் துறை, சாண்டா பார்பராவோடு சேர்ந்து முனைவர் பட்டமே தருகிற அளவுக்கு வலுவானது. அதனால் அங்கே இடம் கிடைத்தால் தயங்கவே வேண்டாம். ஆனால் அதை மட்டுமே நம்பி உட்காரக் கூடாது.

இரண்டாம் வழி, டேக் என்று சொல்லப்படும் உறுதி ஒப்பந்தம். யூசியின் ஒன்பது இளங்கலை வளாகங்களில் ஆறு இதைத் தருகின்றன: டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ். கேட்கிற ஜிபிஏ (மதிப்பெண் சராசரி), பாடங்கள் இருந்தால், சொன்ன வளாகத்தில் இடம் உறுதி. ஆறில் ஒன்றுக்குத்தான் விண்ணப்பிக்கலாம். புவியியல் மாணவருக்கு இதில் குழம்ப ஒன்றுமில்லை, சாண்டா பார்பராதான். ஜிபிஏ 3.4 கேட்கிறார்கள்.

அது சாதாரணத் துறையும் இல்லை. தேசியப் புவியியல் தகவல் ஆய்வு மையம் 1988-ல் அமைந்தபோது, அதன் தலைமையிடமாக இருந்தது சாண்டா பார்பரா. இன்று ஜிஐஎஸ் என்று நாம் சொல்வதன் அறிவியல் அடித்தளத்தில் பெரும்பங்கு அங்கே உருவானது. புள்ளியியலுக்கு அஞ்சாத பிள்ளை, கம்ப்யூட்டரில் வரைபடம் போடுவதில் ஆர்வமுள்ள பிள்ளை என்றால், என் கணக்கில் மூன்றில் இதுவே சிறந்தது. இயற்கைப் புவியியல் பக்கம் பிஎஸ் என்ற அறிவியல் இளங்கலைப் பட்டத்துக்குப் போனால் கால்குலஸும் அறிவியல் பாடங்களும் கூடும். அதை முதல் வருடத்திலேயே தொடங்காவிட்டால் மூன்றாம் வருடமும் கம்யூனிட்டி காலேஜிலேயே கழியும்.

மூன்றாவது, பெர்க்லியும் யூசியின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகமான யூசிஎல்ஏவும். இரண்டுமே டேக் தருவதில்லை. பெர்க்லியின் புவியியலில் வேறொரு மரபு இருக்கிறது. 1923-ல் அங்கே வந்த கார்ல் சாவர், நிலத்தையும் அதில் வாழும் மக்களையும் நேரில் போய்ப் பார்த்து எழுதும் முறையை ஒரு தலைமுறைக்கே கற்றுக்கொடுத்தவர். ஊர், விவசாயம், இடப்பெயர்வு, அதிகாரம் என்று யோசிக்கிற பிள்ளைக்கு அது பொருந்தும். யூசிஎல்ஏவுக்குப் போக நினைப்பவர்கள் தங்கள் கல்லூரியில் டேப் என்ற ஆனர்ஸ் திட்டம் உண்டா என்று முதல் வருடமே விசாரிக்க வேண்டும். அதை முடித்தவர்களுக்கு முன்னுரிமை உண்டு. இருந்தாலும் இரண்டு இடத்திலும் உறுதி என்று எதுவும் கிடையாது. நல்ல மதிப்பெண் வைத்திருப்பவர் விண்ணப்பிக்கலாம், நம்பியிருக்கக் கூடாது.

சரி, இப்படி மூன்று இருக்கும்போது முதல் வருடத்தில் எதைத் தேர்வது? எதையும் தேர்வு செய்ய வேண்டியதில்லை. எங்களுக்கே இது தாமதமாகத்தான் புரிந்தது. முன்பு எந்த மேஜர் ஆனாலும் எடுக்க வேண்டிய பொதுப்பாடங்களுக்கு, கால் ஸ்டேட்டுக்கு ஒரு திட்டம், யூசிக்கு இன்னொன்று என்று இருந்தது. 2025 இலையுதிர் காலத்திலிருந்து சேருபவர்களுக்கு இரண்டுக்கும் பொதுவாக கால்-கெட்சி என்ற ஒரே திட்டம், 34 யூனிட். அதில் புவியியலுக்கு ஒரு வசதி உண்டு. இயற்கைப் புவியியல், அறிவியல் பிரிவில் போய் உட்காரும். மானிடப் புவியியல், சமூக அறிவியல் பிரிவில் உட்காரும். மேஜருக்கு எடுக்கிற பாடமே பொதுப்பாடக் கணக்கிலும் ஏறிவிடுகிறது.

இந்த இடத்தில்தான் எங்களுக்கு ஒரு தவறு நடந்தது. இயற்கைப் புவியியலுக்குப் பல கல்லூரிகளில் வகுப்பு தனி, லேப் தனி. லேப் ஒரே ஒரு யூனிட். "அது அவசியமில்லை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று அவளுடைய கவுன்சலர் சொல்ல, இவளும் விட்டுவிட்டாள். ஏஏ-டி பட்டத்தில் அந்த லேப் கட்டாயம். பொதுப்பாடத்தில் அறிவியல் லேப் வேண்டும் என்ற கணக்கும் அதில்தான் தீர்ந்திருக்கும்.

யூனிட் கணக்கை விடுங்கள், அந்த லேபில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால் விட மனம் வராது. 1:24,000 அளவில் அச்சிட்ட அரசு வரைபடத்தாளை மேசைமேல் விரித்து, பழுப்புநிற சமஉயரக் கோடுகளை விரலால் பின்தொடர்கிறார்கள். தாளில் ஓர் அங்குலம் என்றால் தரையில் 2,000 அடி. சான் மாட்டியோ மலைகளுக்கு நடுவே கிரிஸ்டல் ஸ்பிரிங்ஸ் நீர்த்தேக்கம் நீளமாக, நேராக, அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் கிடக்கும். 280 நெடுஞ்சாலையில் போகிறவர்கள் தினம் பார்க்கிற தண்ணீர்தான். அது சான் ஆண்ட்ரியாஸ் என்ற நிலநடுக்கப் பிளவின் மேலேயே கிடக்கிறது என்பது அந்தக் கோடுகளைப் படிக்கும்போதுதான் பிடிபடும்.

அடுத்தது அசிஸ்ட் இணையதளம். பல்கலைக்கழகம், கல்லூரி, மேஜர் மூன்றையும் கொடுத்தால் இடப்பக்கம் பல்கலைக்கழகம் கேட்கும் பாடமும் வலப்பக்கம் உங்கள் கல்லூரியில் அதற்கு இணையான பாடமும் வரும். சில வரிகளில் வலப்பக்கம் இணையான பாடமே இல்லை என்று இருக்கும். அப்படி இருந்தால் பக்கத்துக் கல்லூரியில் அந்த ஒரு பாடத்தை எடுக்கலாம். ஜிஐஎஸ் பாடத்தில் கூடுதல் கவனம் வேண்டும். கால் ஸ்டேட் ஏற்கும் எல்லா ஜிஐஎஸ் பாடத்தையும் யூசி ஏற்பதில்லை. டி ஆன்சா போல, செமஸ்டருக்குப் பதில் குவார்ட்டர் முறையில் நடக்கும் கல்லூரியில் இருப்பவர்களுக்கு 60 யூனிட் என்பது 90 யூனிட் என்பதையும் மறக்க வேண்டாம்.

இவளுக்கு வரைபடமும் கணக்கும் பிடிக்கும், ஜிபிஏ 3.6 இருக்கிறது. எனவே சாண்டா பார்பராவுக்கு டேக், கூடவே ஏஏ-டி பட்டத்தோடு இரண்டு கால் ஸ்டேட் வளாகங்கள், பெர்க்லிக்கு ஒரு விண்ணப்பம் என்று முடிவெடுத்திருக்கிறோம். டேக் விண்ணப்பத்துக்கு செப்டம்பர் 1 முதல் 30 வரைதான் நேரம். மற்றவை அக்டோபர், நவம்பரில். அதற்கு முன்னால் இந்தக் கோடையில் அந்த ஒரு யூனிட் லேபைப் பதிவு செய்துவிட்டாள். வகுப்பு காலை எட்டு மணிக்கு, கொண்டுபோய் விடுவதாக அக்காவே சொல்லியிருக்கிறாள்.