பிளீச் டப்பாவா, டிரிம்மரா?

தலைமுடியில் துணிந்து ஏதாவது செய்துபார்க்க ஆசை வந்துவிட்டால் இரண்டு வழிகள் உண்டு. நிறத்தை மாற்றலாம், இல்லையென்றால் வடிவத்தை மாற்றலாம். "கலர் பிடிக்கலைன்னா போயிடும், வெட்டிட்டா வெட்டினதுதான்" என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அதை நம்பித்தான் நானும் முதலில் கலர் பக்கம் போனேன். அப்புறம் ஒன்றரை வருடம் அதற்கு வட்டி கட்டினேன்.

கருப்பு முடியில் நேராக நீலம் பூசுவது கரும்பலகையில் நீல மையால் எழுதுகிற மாதிரி. வெயிலில் நின்றால் லேசாக ஒரு சாயல் தெரியும், அவ்வளவுதான். பர்கண்டி, அடர் ஊதா போன்றவற்றுக்கு முடி ஓரளவு வெளுத்தாலே போதும். வெளிர் நீலம், வெள்ளி, பேஸ்டல் பிங்க் என்றால் கதை வேறு. முடியின் கருமையை 1 முதல் 10 வரை எண்ணால் குறிப்பார்கள். 1 கருப்பு, 10 மிக வெளிறிய மஞ்சள். இந்த நிறங்களுக்கு 9, 10 வரை போயாக வேண்டும். கருமையும் ஒரேயடியாகப் போகாது. முதலில் செம்பழுப்பு, அடுத்து ஆரஞ்சு, கடைசியில்தான் மஞ்சள். ஆரஞ்சைப் பார்த்ததும் சிலர் பயந்து நிறுத்திவிடுவார்கள். சிலர் பொறுமை இழந்து அன்றைக்கே இரண்டாம் முறை பிளீச் போடுவார்கள். நான் இரண்டாவது ரகம்.

பிளீச் பொடியில் உள்ள பெர்சல்ஃபேட் உப்புகளும் அதோடு கலக்கும் டெவலப்பர் என்கிற திரவத்தில் உள்ள ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்துதான் முடிக்குள் இருக்கும் மெலனினை உடைக்கின்றன. 20 வால்யூம் டெவலப்பர் என்றால் 6 சதவீதம் பெராக்சைடு, 40 வால்யூம் என்றால் 12 சதவீதம். வீரியம் கூடினால் வேலை சீக்கிரம் முடியும் என்று நான் எடுத்தது 40. அலசும்போது ஒரு கற்றையை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்த்தேன். நல்ல முடி கொஞ்சம் நீளும், விட்டதும் சுருங்கிவிடும். இது சூயிங்கம் மாதிரி நீண்டுகொண்டே போனது. விட்டேன். சுருங்கவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்ததும் சத்தமே இல்லாமல் அறுந்து விரலோடு வந்துவிட்டது.

தோலை விட்டு வெளியே வந்த முடிக்கு உயிர் கிடையாது. புண் ஆறுகிற மாதிரி அது ஆறாது. 2014-இல் ஒலாப்ளெக்ஸ் என்கிற முடிப் பராமரிப்புப் பொருள் வந்த பிறகு, பிளீச்சோடு கலக்கிற, பிறகு தடவுகிற பொருட்கள் நிறைய வந்துவிட்டன. அவை சேதத்தைக் குறைக்கும், கெட்டுப்போன முடியைப் புதிதாக்கித் தராது. "போயிடும்" என்று சொன்னார்களே, அது மேலே பூசிய சாயத்துக்கு மட்டும்தான் பொருந்தும். அதற்கு அடியில் நடந்த வெளுப்பு, அந்த முடி தலையில் இருக்கிற வரை கூடவே இருக்கும்.

சாயத்திலும் இரண்டு வகை. பளிச்சென்ற நீலம், பச்சை, பிங்க் எல்லாம் பெரும்பாலும் செமி-பெர்மனென்ட், அதாவது அலச அலச மங்கிப்போகிற வகை. கண்டிஷனர் மாதிரி குழைவாக இருக்கும், எதோடும் கலக்க வேண்டாம், தடவி ஊறவிட்டு அலசினால் போதும். 1977-இல் பெலோமோ சகோதரிகள் நியூயார்க்கில் தொடங்கிய மேனிக் பேனிக் என்கிற பிராண்ட் இந்த வகைக்குப் பெயர் போனது. பூசிய மறுநாள் பார்த்தால் தலையணை உறை உங்கள் தலையைவிட அழகாக இருக்கும். வெளிறிய பேஸ்டல் நிறங்கள் சில அலசல்களிலேயே காணாமல் போகும். சிவப்பு ஒவ்வொரு அலசலிலும் குளியலறையைக் கொலை நடந்த இடம் மாதிரி ஆக்கும். நீலம் அடியில் இருக்கும் மஞ்சளோடு சேர்ந்து பச்சையாகும், அந்தப் பச்சை லேசில் இடத்தைக் காலி செய்யாது.

பெர்மனென்ட் சாயம் முடிக்குள்ளேயே போய் நிறமாகிறது. பிபிடி என்கிற பொருள் அதில் இருந்தால் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வரும். 48 மணி நேரத்துக்கு முன்பே தோலில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்கச் சொல்வது சும்மா இல்லை. இன்னொன்று, ஏற்கெனவே கருப்பு டை அடித்த முடியின் மேல் வெளிர் நிற டை வேலை செய்யாது. சாயத்தைச் சாயம் வெளுக்காது என்பது சலூன்காரர்களின் பாலபாடம்.

சரி, வெட்டு. பிடரியில் ஒரு அண்டர்கட் (மேல்முடியை விட்டு அடிமுடியை மட்டும் ஒட்ட வெட்டுவது), ஒரு பக்கம் மட்டும் ஷேவ், மல்லெட் (முன்னால் குட்டை, பின்னால் நீளம்), மோஹாக் (இரு பக்கமும் மழித்து நடுவில் மட்டும் முடி), முழு பஸ் கட் (தலை முழுக்க ஒட்ட வெட்டுவது) என்று வகைகள் நிறைய. முதன்முதலாக டிரிம்மர் காதுக்குப் பின்னால் பட்டபோது அதன் அதிர்வு தாடை எலும்பு வரை இறங்கியது. மடியில் விழுந்த கற்றையைப் பார்த்து ஒரு நிமிடம் வயிற்றைக் கலக்கியது உண்மைதான். ஆனால் முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும், வளர்வதெல்லாம் புது முடி. பாதி வளர்ந்த இரண்டு மூன்று மாதம் பக்கவாட்டு முடி முள்ளம்பன்றி மாதிரி விறைத்து நிற்கும். அதைச் சகித்துக்கொண்டால் வேறு பெரிய கஷ்டம் இல்லை. பிடரி அண்டர்கட்டுக்கு அதுவும் இல்லை, மேல்முடியை அவிழ்த்துவிட்டால் மூடிக்கொள்ளும்.

மோஹாக் எனக்குச் சரிவரவில்லை. நிமிர்த்தி நிறுத்தினால்தான் அது மோஹாக், இல்லையென்றால் நனைந்த கோழி. தினமும் காலையில் அதற்கு நேரம் ஒதுக்க எனக்குப் பொறுமை இல்லை. மல்லெட் நேர்மாறு, வளர வளரவும் வடிவம் கெடாது. ட்ரெட்லாக்ஸ் என்கிற திரித்த சடைமுடியை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, வேண்டாமென்றால் பெரும்பாலும் வெட்டித்தான் எடுக்க வேண்டும். ஒரு நாள் கூத்துக்கு என்றால் கிளிப் போட்டு மாட்டும் கலர் கற்றை போதும்.

ஆக, ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றால் நான் டிரிம்மரைத்தான் எடுப்பேன். இரண்டும் வேண்டும் என்பவர்கள் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். முதலில் வெட்டு, அப்புறம் கலர். நீண்ட முடியில் நுனி பழையது, வேர்ப்பக்கம் புதியது. தலையின் சூட்டில் வேர்ப்பக்கம் சீக்கிரம் வெளுத்து, நுனி ஆரஞ்சிலேயே நிற்கும். ஒட்ட வெட்டிய முடியில் எல்லாமே புது முடி, பெரும்பாலும் ஒரே சீராக வெளுக்கும். கெட்டுப்போனாலும் இரண்டு மாதத்தில் வெட்டித் தள்ளிவிடலாம். 1990-களில் கூடைப்பந்து வீரர் டென்னிஸ் ராட்மன் அத்தனை நிறங்களை மாற்றிக்கொண்டே இருந்தது ஒட்ட வெட்டிய தலையில்தான். இதில் ஒரே தொந்தரவு, பிளீச் தலைத்தோலிலேயே உட்காரும். அன்றைக்குத் தலைக்கு ஷாம்பு போடாமல் இருப்பது நல்லது, 40 வால்யூமை நினைத்தும் பார்க்க வேண்டாம்.

இப்போது என் பிடரியில் இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு நீலம் இருக்கிறது. ஓரத்தில் பச்சை எட்டிப்பார்க்க ஆரம்பித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை டிரிம்மரை எடுக்க வேண்டும்.