பம்பிங் 60 வீதம் என்றால் போதுமா? பெருநாடி வால்வு நோயில் எக்கோ அளவுகள்

வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ எக்கோ என்ற இதய ஸ்கான் எடுத்துவிட்டு வருகிறவரைக் கேட்டுப் பாருங்கள், முதலில் பம்பிங் எத்தனை வீதம் என்றுதான் சொல்வார். இடது இதயவறையில் நிறைந்த இரத்தத்தில் எத்தனை வீதம் ஒரு துடிப்பில் வெளியே தள்ளப்படுகிறது என்பதுதான் அது. 60 என்றால் வீடே ஆறுதலாகிவிடும். மாரடைப்பு வந்தவருக்கு அந்த எண் நல்ல வழிகாட்டிதான். இதயத்திலிருந்து உடலுக்கு இரத்தம் போகும் வாசலான பெருநாடி வால்வு சுருங்கியவர் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

சுருங்கிய வால்வுக்கு எதிராகத் தள்ளித் தள்ளி இடது இதயவறையின் சுவர் தடிக்கிறது. சுவர் தடித்து உள்ளறை சிறுத்துவிட்டால், தசைநார்கள் முன்னைவிடக் குறைவாகச் சுருங்கினாலும் பம்பிங் வீதம் விழாமல் நிற்கும். முதலில் அடிபடுவது உட்பக்கத்தில் நெடுக்காக ஓடும் நார்கள். அந்தப் பாதிப்பை இந்த எண் காட்டிக்கொடுக்காது. கடுமையான சுருக்கத்தில் பம்பிங் 50க்குக் கீழே போனால், அறிகுறி இல்லாவிட்டாலும் வால்வை மாற்றச் சொல்கின்றன சர்வதேச வழிகாட்டிகள். அதற்குள் தசையில் தழும்பு விழுந்திருக்கலாம்.

இதற்குப் போட்டியாக நிற்பது ஸ்ட்ரெய்ன். தசையிலுள்ள புள்ளிகளை மென்பொருள் பின்தொடர்ந்து, அறை நெடுக்குவாட்டில் எத்தனை வீதம் குறுகுகிறது என்று கணக்கிடும். நலமான இதயத்தில் ஏறக்குறைய −20 வரும். கழித்தல் குறி குறுகுவதைக் காட்டுகிறது, எண் பூச்சியத்தை நெருங்க நெருங்கத் தசை பலவீனம். −15ஐ எட்டாத இதயம், பம்பிங் 60 ஆக இருந்தாலும், கவலைக்குரியது. ஆனால் இதற்குப் படம் தெளிவாக விழ வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒரு மெஷினிலும் கொழும்பில் வேறு கம்பனி மெஷினிலும் எடுத்துவிட்டு, −18 இப்போது −16 ஆகிவிட்டதே என்று பயப்படுவதில் அர்த்தமில்லை. பிரஷர் ஏறியிருந்தாலும் எண் பலவீனமாகத் தெரியும். குளிசை போடாமல் விடியப்புறம் முல்லைத்தீவில் பஸ் ஏறி வந்தவருக்கு அப்படி நடக்கலாம். ஸ்ட்ரெய்னுக்குப் பக்கத்தில் அன்றைய பிரஷரையும் எழுதாத ரிப்போட் என்னைப் பொறுத்தவரை அரைகுறைதான்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது, அதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. இடது இதயவறைக்குள் இரத்தம் வரும் வாசலான மைட்ரல் வால்வின் வளையம் ஒவ்வொரு துடிப்புக்கும் எத்தனை மில்லிமீற்றர் நகர்கிறது என்று, அசைவைக் கோடாக வரையும் எம்-மோட் முறையில் அளப்பது. பழைய மெஷினிலும் முடியும், ஒரு நிமிடம்கூடப் பிடிக்காது. ஏறக்குறைய 10 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் நெடுக்கு நார்கள் களைத்துவிட்டன என்று சந்தேகிக்கலாம். வளையத்தில் சுண்ணாம்பு படிந்தவர்களில் ஏமாற்றும். ஆனாலும் ஸ்ட்ரெய்ன் இல்லாத இடத்தில் பம்பிங்கோடு இதையும் சேர்த்து எழுதுவதே என் தெரிவு.

எந்த அளவை எடுத்தாலும் நோயாளியின் வாயைக் கிளறாமல் முடிவெடுக்க முடியாது. இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்கிற ஐயாவிடம் “மூச்சு வாங்குதோ?” என்றால் “இல்லை” என்பார். “மருந்தடிக்கிற டாங்கியை இப்ப ஆர் சுமக்கிறது?” என்று கேட்டால்தான் “அது மகன்தான், போன போகத்தில இருந்து” என்று வரும்.

வால்வு சுருங்காமல் ஒழுகுகிறது என்றால் கதை வேறு. அங்கே அறை பெருத்துக்கொண்டே போகும், பம்பிங் வெகுகாலம் நன்றாகவே தெரியும். அப்போது பார்க்க வேண்டியது சுருங்கி முடியும் தருணத்தில் அறையின் விட்டம். அது 50 மில்லிமீற்றரைத் தாண்டுவது ஆபத்தான எல்லை.

சரி, சுருக்கம் எவ்வளவு கடுமை? இரத்தம் பாயும் வேகத்தை அளக்கும் டொப்ளரில், வால்வினூடாக செக்கனுக்கு 4 மீற்றர் வேகம், வால்வின் இரு பக்கத்துக்கும் சராசரி அழுத்த வித்தியாசம் 40 மில்லிமீற்றர் பாதரசம் என்பவை வழமையான எல்லைகள். பலவீனமான இதயத்தால் அந்த வேகத்தைக் கொடுக்க முடியாது. வால்வுத் துவாரம் 1 சதுர சென்ரிமீற்றருக்குக் குறைவு, வேகமும் குறைவு என்று முரண்பட்டால், பம்பிங் குறைந்தவருக்கு இதயத்தைப் பலமாகச் சுருங்கவைக்கும் டொபியுட்டமின் மருந்தை ஏற்றி மறுபடி எக்கோ பார்க்கலாம். பம்பிங் நன்றாக இருப்பவருக்கு சிரி ஸ்கானில் வால்வின் சுண்ணாம்பை அளப்பது நல்லது. வவுனியாப் பக்கம் சிறுநீரக நோயாளிகள் பலர் இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: சுண்ணாம்பை மட்டும் அளக்கும் அந்த ஸ்கானுக்குச் சாயமருந்து ஏற்றத் தேவையில்லை.